உன் வீட்டுக்கென்று ஒரு டூல்ஸ் பெட்டி

புது ஃப்ளாட்டுக்குக் குடிபோகும் தங்கைக்குக் குத்துவிளக்கு தருகிறோம், பால் காய்ச்சப் பாத்திரம் தருகிறோம், மிக்ஸி தருகிறோம். ஸ்க்ரூ டிரைவரும் கட்டிங் பிளேயரும் யாரும் தருவதில்லை. ஆனால் முதல் வாரமே தேவைப்படுவது அவைதான். பாத்ரூம் தாழ்ப்பாள் துளையில் சேராது, ஸ்கிரீன் கம்பி ஒரு பக்கம் தொங்கும், சமையலறைக் குழாய் ராத்திரி முழுக்கச் சொட்டும். ஒவ்வொன்றுக்கும் ஆளுக்குப் போன் செய்துவிட்டு, "நாளைக்கு வர்றேம்மா" என்ற பதிலோடு காத்திருப்பதை சென்னை நங்கநல்லூரில் வீட்டுக்கு வீடு பார்க்கிறேன். வருகிறவர்மேல் குற்றம் இல்லை. கையில் இரண்டு நாள் வேலை இருக்கும்போது, பத்து நிமிட வேலைக்காக அவர் வண்டியை எடுத்துக்கொண்டு வர முடியாது. அந்தப் பத்து நிமிட வேலைகளை நீயே செய்யலாம். அதற்கு ஒரு பெட்டி வேண்டும். அதை எப்படிச் சேர்ப்பது, எதில் வைப்பது, எப்படிப் பாதுகாப்பது என்று அக்கா சொல்கிறேன், கேட்டுக்கொள்.

முதலில், ஆன்லைனில் பளபளவென்று வரும் பெரிய செட்டை வாங்காதே. அச்சுப் பள்ளத்தில் வரிசையாகப் பதித்திருக்கும், பார்க்க அழகாக இருக்கும். அதில் பாதி உன் வீட்டில் எந்தக் காலத்திலும் வெளியே வராது. நீ தினமும் எடுக்கப்போகிற டிரைவரோ மட்டமான இரும்பாக இருந்தால், இறுகிய நான்கு திருகைக் கழற்றுவதற்குள் முனை மழுங்கிவிடும். இன்னொரு குறையும் உண்டு. பள்ளம் எல்லாம் அந்தச் சாமானுக்கென்றே வெட்டியது. நீ புதிதாக ஒன்று வாங்கினால் வைக்க இடம் இருக்காது. பெட்டி உன்னோடு வளர வேண்டும். அந்தச் செட் வளராது.

அதனால் கடைக்குப் போகுமுன் வீட்டைப் பார். ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு அறை அறையாகப் போ. எந்தத் திருகு ஸ்டார், எது மைனஸ், எந்த நட்டுக்கு என்ன அளவு ஸ்பேனர், குழாய் திருகுவதா லீவரா, சிங்குக்கு அடியில் தண்ணீரை நிறுத்தும் ஆங்கிள் காக் இருக்கிறதா, இருந்தால் திரும்புகிறதா என்று எழுது. ஹிந்து காலனிப் பக்கம் உள்ள பழைய தனி வீட்டுக்கும் நாலாவது மெயின் ரோட்டுப் புது ஃப்ளாட்டுக்கும் ஒரே பெட்டி பொருந்தாது. பழைய வீட்டில் பீங்கான் ஃப்யூஸ் கட்டை இருக்கலாம், இரும்புப் பைப் இருக்கலாம், மர ஜன்னல் நிச்சயம் இருக்கும். அங்கே பைப் ரிஞ்சும் ஃப்யூஸ் கம்பியும் அரமும் வேண்டும். ஃப்ளாட்டில் ஃப்யூஸுக்குப் பதில் எம்.சி.பி., பிளாஸ்டிக் பைப், தட்டுத் தட்டாகக் கோர்த்த அலமாரி. அங்கே ஆலன் கீயும் டெப்லான் டேப்பும்தான் அதிகம் உழைக்கும். ஃப்யூஸ் கம்பி என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். அடிக்கடி போகிறதே என்று ஃப்யூஸில் தடிமனான செம்புக் கம்பியைச் சுற்றாதே. ஃப்யூஸ் உருகுவது உன் வீட்டு ஒயர் தீப்பிடிக்காமல் இருப்பதற்காக. அதைத் தடுத்தால் சுவருக்குள் இருக்கும் ஒயர்தான் உருகும்.

நோட்டு எழுதியானதும், முதலில் வாங்க வேண்டியது கைவிரலுக்குள் அடங்கும். ஸ்டாரில் இரண்டாம் நம்பர் டிரைவர் ஒன்று. வீட்டில் இருக்கும் பெரும்பாலான ஸ்டார் திருகுக்கு அந்த நம்பர்தான். மைனஸில் நடுத்தர அளவு ஒன்று. எட்டு அங்குலக் கட்டிங் பிளேயர். ஒரு டெஸ்டர். ஆணி பிடுங்கும் பிளவு உள்ள சுத்தியல், அரைக் கிலோவுக்குள். அட்ஜஸ்டபிள் ஸ்பேனர் ஒன்று. ஐந்து மீட்டர் இஞ்ச் டேப். இதற்குமேல் எதையும் ஒரு பழுது வந்து கேட்கும்போதுதான் வாங்க வேண்டும். அப்படிச் சேர்கிற சாமான் ஒவ்வொன்றும் எதற்கு என்று உனக்குத் தெரிந்திருக்கும்.

வாங்கும்போது டிரைவரின் தண்டில் குரோம் வனேடியம் என்று பொறித்திருக்கிறதா பார். முனையை ஒரு திருகில் வைத்து அழுத்து. ஆடாமல் உட்கார வேண்டும். டப்பாரியா போன்ற பழகிய கம்பெனிச் சாமானை எந்தத் தெருமுனை ஹார்டுவேர் கடையிலும் கேட்டு வாங்கலாம். பிளேயர் பிடியில் பிளாஸ்டிக் உறை இருந்தாலே மின்சாரத்துக்குப் பாதுகாப்பு என்று நினைத்துவிடாதே. சாதாரண உறை கை வழுக்காமல் இருக்கத்தான். மின்சாரத்துக்கென்று சோதித்துத் தயாரித்ததில் 1000 வோல்ட் என்ற குறி பொறித்திருக்கும். அந்தக் குறி இருந்தாலும் மெயினை அணைக்காமல் கை வைக்காதே.

டெஸ்டரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்கிறேன், ஏனென்றால் அதை அரைகுறையாகத் தெரிந்து வைத்திருப்பதுதான் ஆபத்து. முனையைச் சாக்கெட்டில் வைத்து, பின்பக்க உலோகத்தில் விரல் பட வேண்டும். அப்போதுதான் உள்ளே இருக்கும் சின்ன நியான் விளக்கு எரியும். விளக்கு எரிந்தால் மின்சாரம் இருக்கிறது. எரியாவிட்டால் இல்லை என்று முடிவுகட்ட முடியாது. டெஸ்டரே கெட்டிருக்கலாம், வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம். எனவே முதலில் மின்சாரம் நிச்சயம் இருக்கும் சாக்கெட்டில் வைத்து எரிகிறதா பார். அடுத்து, வேலை செய்யவேண்டிய இடத்தில் வை. பிறகு மறுபடியும் முதல் சாக்கெட்டில் வைத்துப் பார். மூன்று தடவையும் பார்த்த பிறகே கை வை. நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். அதோடு அவசரம் கூடாது. டெஸ்டரைத் திருப்புளியாகப் பயன்படுத்துவதையும் இன்றோடு நிறுத்து. இறுகிய திருகில் அழுத்தினால் உள்ளே இருப்பது உடைந்துவிடும். பிறகு அது பொய் சொல்லும்.

குழாய் வேலைதான் நம் பக்கத்தில் அதிகம். போர் தண்ணீர் பல தெருக்களில் உப்பு. குழாய் வாயில் இருக்கும் சல்லடையில் வெள்ளையாகப் படிந்து, தண்ணீர் நூல்போல வரும். மோட்டாரையும் டேங்கையும் சந்தேகப்படுவதற்கு முன்னால் அந்தச் சல்லடையைக் கழற்று. பிளேயரால் நேரடியாகப் பிடித்தால் குரோம் கீறிவிடும், பழைய துணியைச் சுற்றிப் பிடி. கழற்றியதை வினிகரில் ஒரு ராத்திரி ஊறப்போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து மாட்டு. ஷவருக்கும் இதே வைத்தியம்தான். வினிகர் நிரப்பிய பிளாஸ்டிக் கவரை ஷவர் தலையில் கட்டிவிட்டால் கழற்றவே வேண்டாம்.

திருகும் குழாய் சொட்டினால் பெரும்பாலும் வாஷர் தேய்ந்திருக்கும். ஆங்கிள் காக்கையோ கேட் வால்வையோ மூடு. மூடிய பிறகு குழாயைத் திறந்து தண்ணீர் நிற்கிறதா என்று உறுதி செய்துகொள். சிங்கின் ஓட்டையில் துணியை அடை. சின்னத் திருகு உள்ளே போய்விட்டால் அடுத்த வேலை அதைத் தேடுவதாகிவிடும். பிறகு பிடியைக் கழற்றி, ஸ்பேனரால் உள்தண்டை வெளியே எடு. வாஷர் அதன் அடியில் இருக்கும். கடைக்குப் போகும்போது பழைய வாஷரைக் கையில் எடுத்துக்கொண்டு போ. வாயால் விளக்கினால் கடைக்காரர் வேறொன்றைத் தருவார், மறுபடி நடக்க வேண்டும். எதைக் கழற்றினாலும் ஒவ்வொரு கட்டத்திலும் போனில் ஒரு படம் எடுத்து வை. மாட்டும்போது எது முன்னால், எது பின்னால் என்ற குழப்பமே வராது. டெப்லான் டேப்பை மரையில் சுற்றும்போது, மரையின் வாய் உன்னைப் பார்த்திருக்கட்டும், கடிகார முள் போகும் திசையில் இழுத்துச் சுற்று. எதிர்ப்பக்கம் சுற்றினால் மாட்டும்போதே பிரிந்து சுருண்டு வந்துவிடும், கசிவு நிற்காது.

இனி பெட்டிக்கு வருகிறேன்.

பெட்டி என்பது மனிதர்களோடு வெகுகாலமாக வருவது. சுவீடனில் காட்லாந்து என்ற தீவில் 1936-இல் சதுப்பு நிலத்தை உழுதபோது ஓக் மரப் பெட்டி ஒன்று கிடைத்தது. ஏறக்குறைய ஆயிரம் வருஷத்துக்கு முந்தையது. உள்ளே சுத்தியல், ரம்பம், அரம், இடுக்கி, கோடரி என்று 200-க்கு மேற்பட்ட பொருட்கள். தச்சுவேலை, கொல்லுவேலை இரண்டும் தெரிந்த ஒருவருடைய பெட்டியாக இருக்க வேண்டும். அதன் நீளம் வெறும் 90 சென்டிமீட்டர். ஒரு தொழிலாளியின் பிழைப்பு முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது. உன் வீட்டுத் தேவை அதில் கால்வாசி இடத்தில் அடங்கும். அதனால் பெரிய பெட்டிக்கு ஆசைப்படாதே. பெட்டி ஆழமானால் சுத்தியல் மேலேயும் நீ தேடுகிற சின்ன டிரைவர் அடியிலேயும் போய்விடும். நிரம்பிய பெட்டியை ஒரு கையால் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏற முடிய வேண்டும். அதுதான் அளவு.

மடக்கித் திறக்கும் தகரப் பெட்டியை மெக்கானிக் ஷெட்டில் பார்த்திருப்பாய். நல்ல பெட்டிதான், ஆனால் சென்னைக் காற்றின் ஈரத்தில் பெயின்ட் உரிந்த இடத்திலெல்லாம் துரு ஏறும், ஓரம் கையைக் கிழிக்கும். வீட்டுக்குப் பிளாஸ்டிக் பெட்டி போதும், மேலே எடுத்து வைக்கும் தட்டு ஒன்று இருந்தால் நல்லது. பெயின்ட் அடித்து முடித்த பத்து லிட்டர் வாளி இருந்தால் பெட்டியே வாங்க வேண்டாம். பழைய ஜீன்ஸின் பாக்கெட்டுகளை வெட்டி, ஒரு பட்டைத் துணியில் தைத்து, வாளியின் வெளிப்புறம் சுற்றிக் கட்டு. டிரைவரும் டெஸ்டரும் பாக்கெட்டில் நிற்கும், சுத்தியலும் ஸ்பேனரும் வாளிக்குள் போகும்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது மரத்தட்டு. நங்கநல்லூரில் பழைய தனி வீடுகளை இடித்து ஃப்ளாட் கட்டாத தெருவே இப்போது இல்லை. இடிக்கும் வீட்டிலிருந்து வரும் தேக்கு ஜன்னல் சட்டம், அலமாரிப் பலகை எல்லாம் பழைய மரச் சாமான் வியாபாரிக்குப் போகிறது. துண்டுப் பலகைகளைக் குறைந்த விலைக்குக் கேட்டு வாங்கலாம். பல வருஷம் காய்ந்த மரம், இனி முறுக்காது. பக்கத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு அங்குல உயரத்தில் இரண்டு பலகை, அவற்றின் மேல் முனையை முக்கோணமாகச் சாய்த்து அறுத்து, உச்சியில் துளை போட்டு, குறுக்கே ஒரு பழைய ஸ்கிரீன் கம்பைச் செருகினால் அதுவே கைப்பிடி. நீளவாக்கில் பதினெட்டு அங்குலத்தில், ஆறு அங்குல உயரமுள்ள இரண்டு பலகை. அடியில் பன்னிரண்டு மில்லிமீட்டர் பிளைவுட். இணைப்பில் ஃபெவிகால் தடவித் திருகு போடு. ஆணி அடித்தால் பளுவில் நாளடைவில் இளகும். மரத்தில் திருகு இறங்க அடம்பிடித்தால், திருகின் மரையில் சோப்பைத் தேய்த்துப் போடு, எளிதாக இறங்கும். அறுப்பதற்குத் தைரியம் இல்லாவிட்டால் தச்சரிடம் அளவைக் கொடுத்து அறுத்து வாங்கிக்கொள், கோர்ப்பதை மட்டும் நீயே செய். மூடி இல்லாத தட்டு என்பதால் எது எங்கே இருக்கிறது என்று ஒரே பார்வையில் தெரியும்.

சின்னச் சாமானுக்கு அம்மா வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய அஞ்சறைப் பெட்டியைக் கேட்டு வாங்கி வா. ஒரு கிண்ணத்தில் மரத்திருகு, ஒன்றில் சுவர்த் திருகும் பிளக்கும், ஒன்றில் வாஷர், ஒன்றில் ஆணி, ஒன்றில் நட்டு போல்ட். மூடினால் சிந்தாது, திறந்தால் எல்லாம் கண் முன்னால். ஹார்லிக்ஸ் பாட்டிலில் எல்லாவற்றையும் கொட்டிவைத்து, ஒரு திருகுக்காகத் தரையில் கவிழ்த்துப் பொறுக்கும் வேலை மிச்சம். பாத்ரூம், பால்கனித் திருகுக்கு மட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகவே வாங்கி வை. சாதாரணத் திருகு ஈரத்தில் துருவேறித் தலை தேய்ந்து, கழற்ற வராது. தலை தேய்ந்த திருகை ஏற்கெனவே மல்லுக்கட்டிக்கொண்டு இருந்தால், அகலமான ரப்பர் பேண்டை நடுவில் வைத்து டிரைவரை அழுத்தித் திருப்பிப் பார். பல நேரம் பிடித்துக்கொள்ளும்.

எடுத்ததை எடுத்த இடத்தில் வை என்றால் வீட்டில் யாரும் கேட்கமாட்டேன் என்கிறார்களா? ஒரு பிளைவுட்டைச் சுவரில் மாட்டி, சாமானைத் தொங்கவிட்டு, ஒவ்வொன்றையும் சுற்றி மார்க்கரால் கோடு வரைந்துவிடு. எது இல்லையோ அந்த இடத்தில் வெறும் உருவம் தெரியும். நமக்குப் பக்கத்தில் மீனம்பாக்கத்தில் விமானம் இறங்குகிறதே, விமானப் பராமரிப்பில் உலகம் முழுக்க இந்த முறைதான். வேலை முடிந்ததும் கருவிகளை எண்ணிப் பார்க்காமல் விமானத்தை விடமாட்டார்கள். ஒரு ஸ்பேனர் குறைந்தால் அது இன்ஜினுக்குள் கிடக்கலாம். விமான நிலையத்திலும், 1958-இல் தொடங்கிய கிண்டி தொழிற்பேட்டையிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் நங்கநல்லூரில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். பக்கத்து வீட்டு மாமாவிடம் போய், "இந்த ஸ்பேனரை எப்படிப் பிடிக்கணும் மாமா?" என்று கேள். அவர் சொல்லித் தருவதை எந்த வீடியோவும் சொல்லித் தராது. வேலைக்கு வருகிற பிளம்பர், தச்சர், எலெக்ட்ரீஷியன் பையில் என்ன வைத்திருக்கிறார் என்றும் கவனி, ஏன் என்று மரியாதையாகக் கேள். அவர் கருவியைக் கேட்காமல் எடுக்காதே, தரையில் பரப்பியிருந்தால் தாண்டிப் போகாதே, சுற்றிப் போ. அது அவருக்குச் சோறு போடுவது.

சுவரில் துளை போடுவதற்கு இரண்டே எச்சரிக்கை. சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் துளைக்காதே, ஒயர் போகும் பைப் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் இறங்கும். டைல்ஸில் துளைப்பதாக இருந்தால் செல்லோடேப் ஒட்டி, அதன்மேல் புள்ளி வைத்து, டிரில்லில் தட்டும் விசையை அணைத்துவிட்டு மெதுவாகத் தொடங்கு. 6 மில்லிமீட்டர் பிளக்குக்கு 6 மில்லிமீட்டர் பிட், அவ்வளவுதான்.

மரக் கதவு ஐப்பசி, கார்த்திகையில் ஊதிக்கொண்டு மூடாது. உடனே இழைக்கச் சொல்லாதே. மழைக்காலத்தில் இழைத்தால் மாசியில் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் விரல் போகும் இடைவெளி வந்துவிடும். அதுவரை உரசும் இடத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துச் சமாளி. தை பிறந்து மரம் காய்ந்த பிறகும் உரசினால் அப்போது இழைக்கலாம். தாழ்ப்பாள் சேராதது பெரும்பாலும் கதவின் குற்றம் அல்ல, கீலில் திருகு இளகியிருக்கும். முதலில் கீல் திருகை முறுக்கிப் பார்.

கடை எது என்று கேட்பாய். வாஷர், திருகு, டெப்லான் எல்லாம் உன் தெருமுனைக் கடையிலேயே வாங்கு. அவர் கடை இருந்தால்தான் ராத்திரி எட்டு மணிக்கு உனக்கு ஒரு வாஷர் கிடைக்கும். நல்ல ஸ்பேனர் வரிசை, டிரில் மாதிரி ஒன்றை நாலு கடை பார்த்து வாங்க வேண்டுமானால் பழவந்தாங்கலில் ரயில் ஏறி பீச் ஸ்டேஷனில் இறங்கு. பாரிமுனையில் லிங்கிச் செட்டித் தெருவிலும் பிராட்வே பக்கத்திலும் கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம். ஞாயிற்றுக்கிழமை போகாதே, பெரும்பாலான கடை திறக்காது. எலெக்ட்ரானிக்ஸ் சாமானுக்கு ரிச்சி தெரு.

துருவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கடல் காற்று நம் பக்கம் வரைக்கும் வருகிறது. வேலை முடிந்ததும் ஈரக்கையோடு பெட்டியில் போடாதே, துடைத்துப் போடு. தையல் மெஷின் எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லியதாகத் தடவினால் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளானால் பிசுக்காகித் தூசியைப் பிடித்து வைக்கும். புதுச் செருப்பு, ஹேண்ட்பேக்கில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைத் தூக்கிப் போடாமல் பெட்டியில் போட்டு வை, குழந்தை கைக்கு எட்டாமல். 1953-இல் அமெரிக்காவில் உருவான டபிள்யூடி-40 ஸ்பிரே துருப்பிடித்து இறுகியதை இளக்கவும் ஈரத்தை விரட்டவும் நல்லது. கதவுக் கீலுக்கு நீண்ட நாள் வழவழப்பு வேண்டுமானால் அது போதாது, அதற்கு எண்ணெயோ கிரீஸோதான். ஏற்கெனவே ஏறிய துருவை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு எண்ணெய் போடு.

மாமல்லபுரத்துச் சிற்பிகள் உளியை அடிக்கடி உலையில் காய்ச்சித் தீட்டிக்கொண்டே வேலை பார்ப்பார்கள். மழுங்கிய உளியோடு கல்லில் கை வைக்கமாட்டார்கள். நம் ஊர் ஆஞ்சநேயர் 32 அடி உயரத்தில் ஒரே கல்லில் நிற்கிறாரே, 1995-இல் கும்பாபிஷேகம் ஆயிற்று, அவரைப் பார்க்கும்போதெல்லாம் அவரைச் செதுக்கிய உளிகளைத் தீட்டிய கைகளையும் நான் நினைத்துக்கொள்வேன். வருஷத்துக்கு ஒருநாள் ஆயுத பூஜைக்குக் கருவிகளுக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கிறோம். அதற்கு முதல் நாளே பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டு. துடை, எண்ணெய் போடு, ஆடும் சுத்தியல் காம்புக்கு ஆப்பு அடி, காய்ந்துபோன எம்-சீலைத் தூக்கிப் போடு, டார்ச்சுக்குப் புது செல் வாங்கு. இதைச் செய்யாமல் பொட்டு மட்டும் வைத்தால் அது பாதிப் பூஜைதான். தேதியும் நமக்குச் சாதகம். ஆயுத பூஜை முடிந்தால் அடுத்து வருவது மழை.

2015 டிசம்பர் வெள்ளம், 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல், மூன்றையும் பார்த்த ஊர் இது. மழை கொட்டினால் பழவந்தாங்கல் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும், அந்தப் பக்கத்திலிருந்து யாரும் வர முடியாது. வர்தாவில் மரம் விழாத தெரு இல்லை. கை ரம்பமும் அரிவாளும் வைத்திருந்த வீட்டுக்காரர்கள்தான் முதலில் வழியைத் திறந்துவிட்டார்கள். அதனால் கீழ்த்தளத்தில் இருக்கிறாய் என்றால் பெட்டியைத் தரையில் வைக்காதே, இடுப்பு உயரத்துக்கு மேல் வை. பெட்டியோடு கை ரம்பம், பத்து மீட்டர் நைலான் கயிறு, தலையில் மாட்டும் டார்ச், தடிமனான பிளாஸ்டிக் தாள் சேர்த்து வை. வெள்ளத்தில் நனைந்த கருவியை அப்படியே விடாதே. நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்து, அன்றைக்கே எண்ணெய் போட்டால் பிழைத்துவிடும்.

டிரில், ஏணி, பைப் ரிஞ்ச் மூன்றையும் ஒவ்வொரு வீடும் வாங்கத் தேவையே இல்லை. எட்டு வீட்டு ஃப்ளாட்டில் எட்டு டிரில் வருஷம் முழுக்கத் தூங்குகிறது. அசோசியேஷன் கூட்டத்தில் பேசு. ஒன்று வாங்கிப் பொதுவில் வைத்து, எடுத்தவர் பெயரும் தேதியும் எழுத ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். அமெரிக்காவில் பெர்க்லி நகரப் பொது நூலகம் 1979-லிருந்து புத்தகம்போலக் கருவிகளை இரவல் கொடுத்துக்கொண்டிருக்கிறது. ஒரு நகரம் செய்வதை ஒரு ஃப்ளாட் செய்யலாம். உன் சொந்தச் சாமானின் பிடியில் சிவப்பு நெயில் பாலிஷால் கோடு போட்டு வை. இரவல் போனது யாருடையது என்ற சங்கடம் வராது.

எதைத் தொடக்கூடாது என்பதும் பெட்டியோடு சேர்ந்த படிப்பு. கேஸ் ரெகுலேட்டர் மேலும் வால்வு மேலும் ஸ்பேனர் படவே கூடாது. கேஸ் டியூபை ஐந்து வருஷத்துக்குள் மாற்று, டியூபிலேயே தேதி அச்சிட்டிருக்கும். கீஸர், ஏ.சி. உள்பக்கம், மீட்டர் பெட்டி, கம்பத்திலிருந்து வரும் ஒயர் இவற்றுக்குத் தெரிந்தவர்தான் வர வேண்டும். மெயின் போர்டில், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தை நிறுத்தும் ஆர்.சி.சி.பி.யில் ஒரு டெஸ்ட் பட்டன் உண்டு. மாதம் ஒரு தடவை அதை அழுத்து. டக்கென்று விழுந்தால் அது விழிப்பாக இருக்கிறது. விழாவிட்டால் அன்றைக்கே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடு. ஈரக்காலோடு எந்த மின்சார வேலையும் வேண்டாம்.

இன்னொன்று மனசாரக் கேட்கிறேன். இந்தப் பெட்டியை "அவருடைய பெட்டி" என்று ஆக்கிவிடாதே. பல வீடுகளில் பையன் கையில் டிரைவர் இருக்கும், பெண் டார்ச் பிடித்துக்கொண்டு நிற்பாள். பத்து வயசுப் பெண்ணுக்கு ஸ்டூல் திருகை முறுக்கக் கொடு, பன்னிரண்டு வயசில் சைக்கிள் சீட்டை அவளே ஏற்றி இறக்கட்டும், பதினைந்தில் வாஷர் மாற்றட்டும். டார்ச்சை நீ பிடித்துக்கொள். கிண்டியில் பெண்களுக்கென்றே அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. இந்த வேலையில் அவளுக்கு ஆர்வம் இருந்தால் அந்த வழி திறந்தே இருக்கிறது என்றும் சொல்லி வை.

பெட்டி மூடியின் உள்பக்கம் ஒரு வெள்ளைத்தாளை ஒட்டி, பெரிய எழுத்தில் எழுது. மெயின் சுவிட்ச் எங்கே, கேட் வால்வு எங்கே, பிளம்பர் நம்பர், எலெக்ட்ரீஷியன் நம்பர். மரத்தட்டுக்கு மூடி இல்லை என்பதால் அதை வைக்கும் இடத்துச் சுவரில் ஒட்டு. மின்சாரம் நின்றாலோ ஒயர் அறுந்து தொங்கினாலோ மின்வாரியத்தின் மின்னகம் 94987 94987. கேஸ் வாசனை வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல் ஜன்னலைத் திறந்து, வெளியே போய்க் கூப்பிட வேண்டிய நம்பர் 1906. இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள்.